பின்பக்கம் ஒரு ஃபிஸ்யூர்

உப்பளம், புதுச்சேரி
3 ஜூன் 2024

அண்ணா,

மேரி எழுதறேன். மூணு வருஷமா ஒரு வரி எழுதாதவ இப்ப எதுக்கு எழுதறான்னு கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்திருப்ப. நல்லாருக்கியான்னு கேக்கணும், நான் நல்லாருக்கேன்னு சொல்லணும். முதல்ல சொன்னதக் கேட்டுட்டேன்னு வெச்சுக்க. ரெண்டாவது எழுத வரல.

போன் பண்ணலாம்தான். உனக்குக் காது கேக்காது, நான் கத்தணும். நான் கத்தினா பிரான்ஸுல உனக்குக் கேக்கறதுக்கு முன்னாடி எதிர்வீட்டு ஃபாத்திமாவுக்குக் கேக்கும். இது கத்திச் சொல்ற விஷயம் இல்ல.

பின்பக்கத்துல ஒரு ஃபிஸ்யூர் விழுந்திருக்கு. இதைப் பச்சையா எழுத வெக்கமா இருக்கு, அதான் வெடிப்புக்கு அப்பா சொல்ற பிரெஞ்சு வார்த்தையப் போட்டுட்டேன். நீ புரிஞ்சுக்குவ. பெரிய வியாழன் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தானா சரியாப் போயிடும்னு விட்டேன். இப்ப சில நாள் சிவப்பா கசியுது. காலையில பின்பக்கம் போவணும்னு நெனச்சாலே கால் நடுங்குது. போயிட்டு வந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது.

படிச்ச அம்மா ஒருத்தங்ககிட்ட போய்ச் சொன்னேன். சொன்னதைக் கேட்டே, ஃபிஸ்யூர் மாதிரிதான் இருக்கு, ஆனா பாத்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்னாங்க. பாக்கறதுக்கு வரப்ப பின்னாடியே படிக்கிற பசங்க எட்டு பேர் நோட்டும் கையுமா வந்து நின்னாங்க. எனக்கு என்னவோ ஆயிடுச்சு. இன்னொரு நாள் பாக்கலாம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகல.

அம்மா ஞாபகம்தான் வருது. அவளும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதானே விட்டுட்டா.

கோயில்ல புதுநன்மை வாங்கற பொண்ணுங்களுக்கு நாலு கவுன் தைக்காம கெடக்குது. தையல் மெஷின் மேல பேப்பரை வெச்சு நின்னுக்கிட்டே இதை எழுதறேன். என்ன பண்றதுன்னு தெரியலண்ணா. மூத்தவன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். ஏதாவது சொல்லு.

மேரி


சார்செல், பிரான்ஸ்
21 ஜூன் 2024

மேரிக்கு,

கடுதாசி வந்துது. ஃப்ரிட்ஜ் மேல பேப்பரை வெச்சு எழுதறேன், எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் என்ன சொன்னேன்? அந்தப் பின்பக்கத்துச் செவுத்த இடிக்காத, அது அப்பா கட்டினதுன்னு சொன்னேன். தோட்டத்துல இருக்கற கக்கூஸ வீட்டுக்குள்ள கொண்டாரணும், கமோடு வெக்கணும்னு நீ நின்ன. நான் முடியாதுன்னேன். அதுக்குக் கோவிச்சுக்கிட்டு மூணு வருஷம் பேசல. இப்ப செவுரு தானா வெடிச்சதும் அண்ணன் ஞாபகம் வருது. போவட்டும்.

நாப்பது வருஷம் ஷாந்தியேல, கட்டடம் கட்டற எடத்துல, வெயில்லயும் பனியிலயும் நின்னவன் சொல்றேன், கேட்டுக்க. ஃபிஸ்யூரைப் பாத்தவுடனே மேல பூசி மூடக் கூடாது. மூடினா உள்ள ஓடும். சிவப்பா கசியுதுன்னு எழுதியிருக்க, அது செங்கல் கரையறது. எங்கேருந்து ஈரம் வருதுன்னு பாரு. வளருதா நிக்குதான்னு தெரியறதுக்கு வெடிப்புக்குக் குறுக்கால ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வை. கண்ணாடி ஒடஞ்சா வளருதுன்னு அர்த்தம். கொத்தனார் கண்ணையன் இன்னும் இருக்கானா? அவனைக் கூப்பிட்டுக் காட்டு. சின்ன சுத்தியால மெதுவாத் தட்டிப் பாக்கச் சொல்லு.

எட்டு பசங்க வந்தாங்கன்னா வந்துட்டுப் போறாங்க. இன்ஜினியர் காலேஜ் பசங்கதானே. பத்து பேர் பாத்தா பத்து புத்தி. இதுல வெக்கம் என்ன கெடக்குது?

அம்மா பேரை இதுல இழுக்காத. அம்மா ஒக்காந்து நாம பாத்திருக்கமா? கல்யாண வீட்டுப் பந்தியில கூட நின்னுக்கிட்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு பரிமாறப் போனவ. அவ வயித்துல பொறந்துட்டு, ஒரு வெடிப்புக்குக் கால் நடுங்குதுன்னு எழுதற.

ஜான்-பத்திஸ்த்


உப்பளம்
9 ஆகஸ்ட் 2024

அண்ணா,

உன் கடுதாசி ஒரு மாசமா என் மெஷின் டிராயர்ல கெடந்துது. கிழிக்கவும் மனசு வரல, வெச்சிருக்கவும் மனசு வரல. சுத்தியால தட்டச் சொல்லுன்னு எழுதியிருக்க. கண்ணையன்கிட்ட காட்டுன்னு எழுதியிருக்க. கூடப் பொறந்தவன் இப்படிக் கேலி பண்ணுவானான்னு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அண்ணன் பிரெஞ்சுக்காரனாவே ஆயிட்டான், ஈவிரக்கம் போயிடுச்சுன்னு நெனச்சேன்.

முந்தாநாள் ஃபாத்திமா ஜாக்கெட் வாங்க வந்தப்ப மனசு தாங்காம அவகிட்ட படிக்கக் கொடுத்தேன். படிச்சுட்டு, "அக்கா, உங்க அண்ணன் செவுத்தப் பத்தி எழுதியிருக்காரு"ன்னா. எனக்கு அப்பத்தான் ஒறச்சுது. நீ என் கடுதாசியப் படிச்ச மாதிரி நான் திரும்ப ஒருவாட்டி மனசுல படிச்சுப் பாத்தேன். தப்பு என் பேர்லதான்.

வெடிப்பு செவுத்துல இல்லண்ணா. என் உடம்புல. வெளிக்குப் போற எடத்துல. அந்தப் படிச்ச அம்மா கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, பேர் கலைவாணி. அந்த எட்டு பசங்க டாக்டருக்குப் படிக்கிறவங்க. எல்லாம் எழுதியாச்சு. இனிமே வெக்கப்பட என்ன பாக்கி இருக்கு.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன். மாசி மாசம் ரத்தம் கம்மியா இருக்குன்னு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. அது வயித்தக் கட்டிடுச்சு. தவக்காலம்னு நானும் ஒருவேளைதான் சாப்பிட்டேன், தண்ணியும் சரியாக் குடிக்கல. பெரிய வியாழன் காலையில முக்கினப்ப கத்தி வெச்சுக் கிழிச்ச மாதிரி இருந்துது. கழுவின தண்ணியில ரத்தம். அதுலேருந்து போறதுக்கே பயம். பயந்து அடக்கினா இன்னும் கெட்டியாவுது, கெட்டியானா இன்னும் கிழியுது. ரத்தம் போவுது, ரத்தம் கம்மின்னு அதே மாத்திரையப் போடறேன், அது மறுபடி வயித்தக் கட்டுது. செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கேன்.

நீ கேலி பண்ணிட்டன்னு வந்த கோவத்துல, யார் தயவும் வேணாம்னு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல போர்டு மாட்டியிருக்கற ஒருத்தன்கிட்ட போனேன். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாம குணப்படுத்தறோம்னு போர்டு. அங்க யாரும் கேள்வி கேக்கல, பசங்க இல்ல, பேர்கூட கேக்கல. அதுதான் எனக்குப் புடிச்சுது. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, மூலந்தான், வெளிய சதை தொங்குது, கருக்கிடலாம்னான். என்னத்தையோ தடவினான். மேசையைப் புடிச்சுக்கிட்டு செபம் சொன்னேன், பாதியில வார்த்தை மறந்து போச்சு.

மூணு வாட்டி போனேன். இப்ப முன்ன இருந்ததுக்கு ரெண்டு பங்கு வலி. இனி எங்க போறதுன்னு தெரியல.

மேரி


சார்செல்
27 ஆகஸ்ட் 2024

மேரி,

உன் கடுதாசி நேத்து வந்துது. படிச்சுட்டு அடுப்படியிலயே நின்னேன். கண்ணாடித் துண்டை ஒட்டுன்னு எழுதின கை இதுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சுடு.

உடனே மிரேயைக் கூப்பிட்டு உனக்கு போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கர்ல வெச்சா. நீ என்னவோ சொன்ன, எனக்கு ஒரு இரைச்சல்தான் கேட்டுது. அத்தை நல்லாருக்காங்களாம்ப்பான்னு மிரேய் சொன்னா. நல்லாருக்கேன்னா நீ சொன்ன? எழுபத்திமூணு வயசுல மகளை நடுவுல வெச்சு தங்கச்சிகிட்ட இதைக் கேக்க எனக்கும் வாய் வரல. சரி, சந்தோஷம்னு சொல்லி வெச்சுட்டேன். வெக்கங்கெட்ட சந்தோஷம்.

இப்ப நான் எழுதறதக் கேளு. இது செவுரு இல்லன்னு தெரிஞ்சுதான் எழுதறேன். அந்த போர்டுக்காரன்கிட்ட இனிமே காலை வெக்காத. ஒரு அகலமான டப்புல பொறுக்கற சூட்டுல வெந்நி ஊத்தி, காலையில போயிட்டு வந்ததும் பத்து நிமிஷம் அதுல ஒக்காரு. இறுகின சதை தளரும். தண்ணி நிறையக் குடி. கீரை, பழம், தவிடு இருக்கற அரிசி. வந்தா அடக்காத, வரலன்னா முக்காத. அங்க போய் செபமாலை சொல்ற மாதிரி நேரம் போக்காத. மாத்திரை வயித்தக் கட்டுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு, மாத்திக் கொடுப்பாங்க.

ஆனா இதெல்லாம் காட்டினதுக்கு அப்புறம். ரத்தம் வருதுன்னா அது எங்கேருந்து வருதுன்னு ஒருத்தர் பாத்தே ஆவணும். கலைவாணி டாக்டர்கிட்டயே போ. எட்டு பேர் நிக்கட்டும்.

அம்மாவும் மூலம்னுதான் சொன்னா. நாலு வருஷம் மூலம் மூலம்னு வேப்பிலையும் கருணைக்கிழங்கும் தின்னுக்கிட்டிருந்தா. கடைசில குடல்ல கட்டின்னு தெரிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் சொல்லாமலே அது உனக்குத் தெரியும். அதனாலதான் நீ போவ மாட்டேங்கறன்னும் எனக்குத் தெரியும்.

இங்கேருந்து நான் என்ன பண்ணுவேன் மேரி? நான் எழுதறது உன் கைக்கு வர ரெண்டு வாரம் ஆவுது. அதுக்குள்ள பதினாலு காலை உனக்கு விடிஞ்சிடுது.

ஜான்-பத்திஸ்த்


உப்பளம்
12 செப்டம்பர் 2024

அண்ணா,

வெந்நியில ஒக்காந்தேன். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்குது. எழுந்தா பழையபடிதான்.

நீ எழுதினது எல்லாம் சரி. கோரிமேட்டு பஸ்ல ரெண்டு வாட்டி ஏறிட்டேன். ஏறி நின்னுக்கிட்டே போறேன். எடம் இருக்குது, ஒக்காருங்கம்மான்னு பக்கத்துல இருக்கறவங்க நகந்து கொடுக்கறாங்க. இல்லப்பா, பரவால்லன்னு சொல்றதுக்கே வேர்த்துப் போவுது. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி, அங்க திண்டிவனத்துலேருந்தும் விழுப்புரத்துலேருந்தும் வந்து ஃபைல்களைக் கட்டிக்கிட்டு நிக்கறவங்களப் பாத்துட்டு, எதிர்ப்பக்க பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிடறேன்.

வெக்கம்னு நீ நெனைக்கற. பாதிதான் அது. அவங்க பாத்துட்டு அம்மாவுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிட்டா? சொல்லாத வரைக்கும் இது ஃபிஸ்யூர். பாத்துட்டா என்ன பேரு வெப்பாங்களோ. அம்மாகிட்ட டாக்டர் சொன்னப்ப கூட நின்னவ நான். அவ என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வைய நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

இப்ப சாப்பாட்டைக் கொறச்சுட்டேன். சாப்பிட்டாத்தானே போவணும்? கஞ்சித்தண்ணி, ரெண்டு பிஸ்கட்டு. போன ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் அப்பத்தத் தூக்கிக் காட்டற எழுந்தேற்றத்தப்ப கண்ணை இருட்டிக்கிட்டு வந்துது, தூணைப் புடிச்சுக்கிட்டேன். அறுபத்திரெண்டு வயசுல உபவாசம் இருக்காங்க பாருன்னு பின்னாடி யாரோ புகழ்ந்து பேசினாங்க. கேட்டுக்கிட்டு நின்னேன். பாவாடை நாடாவ ரெண்டு வாட்டி இறுக்கிக் கட்டவேண்டியதாப் போச்சு. பாக்கறவங்களுக்கு நான் இளச்சது தெரியக் கூடாதுன்னு இப்ப என் துணியையே நான் புடிச்சுத் தெச்சுக்கறேன்.

போ போன்னு எழுதற. எழுதறது சுலபம். கூட வரதுக்கு யாரு இருக்கா சொல்லு. ஆஸ்பத்திரி ஃபாரம் எழுதற எடத்துல கூட வந்தவங்க பேருன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல என்ன எழுதுவேன்?

இதை எழுதக் கூடாதுன்னு பதினோரு வருஷமா அடக்கி வெச்சிருந்தேன். அடக்கினா என்ன ஆவும்னு இப்பத்தான் தெரியுதே, அதனால எழுதறேன். அம்மா செத்தப்ப ரெண்டு நாள் பொணத்த ஐஸ் பெட்டியில வெச்சுக் காத்திருந்தோம். டிக்கெட் போட்டாச்சு, வரேன்னு சொன்ன. அப்புறம் லீவு கொடுக்கலன்னு போன் பண்ண. பெத்தவ சாவுக்கு லீவு கொடுக்காத முதலாளி எந்த ஊர்ல இருக்கான்? கல்லறைக் கல்லுல என்ன எழுதறதுன்னு மட்டும் போன்லயே சொன்ன. "ஓய்வறியா உழைப்பாளி"ன்னு. அதையே செதுக்கினோம். கூட நிக்காதவன் நீ. இப்ப போ போன்னு எந்த முகத்தோட எழுதற?

மேரி


சார்செல்
30 செப்டம்பர் 2024

மேரி,

நீ கேட்டது நியாயம். பதிலை நாலு வாட்டி எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது. இதைக் கிழிக்காம தபால்ல போட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்.

லீவு கொடுத்தாங்க. முதலாளி தோளைத் தட்டி, போய்ட்டு வான்னு சொன்னான். உன் அண்ணி பொலின் பெட்டி கட்டிக் கொடுத்தா. ஏர்போர்ட்டு போனேன். பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். பிளேனுக்குக் கூப்பிடறதுக்கு ரெண்டு மணி நேரம் இருந்துது, எல்லாரும் ஒக்காந்திருந்தாங்க, நான் செவுத்தோரமா நின்னேன். கால்சட்டைக்குள்ள துண்டு மடிச்சு வெச்சிருந்தேன், அது நனஞ்சு போச்சு. பத்து மணி நேரம் பிளேன்ல ஒக்காரணும். பெல்ட்டு போட்டு ஒக்கார வெப்பாங்க, எழுந்திரிக்க விட மாட்டாங்க. கதவு வரைக்கும் போனேன் மேரி. அந்தப் பொண்ணு டிக்கெட்டுக்குக் கையை நீட்டிச்சு. நான் திரும்பிட்டேன்.

எனக்கும் இதேதான். ஆறு வருஷமா இருந்துது. ஷாந்தியேல கக்கூஸு அசிங்கமா இருக்கும், பனியில போவ முடியாது, அடக்கியே பழகினேன். தண்ணி குடிச்சா போவணும்னு தண்ணியும் குடிக்கல. கட்டின பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல. துணியை நானே அலசினேன். அந்த ஆறு வருஷத்துல அம்மாவப் பாக்க ஒரு வாட்டிகூட நான் வராததுக்குக் காரணம் அதுதான். வேலை அதிகம்னு உங்களுக்குச் சொன்னேன். அம்மா நம்பினா.

செத்தவளப் பாக்காம திரும்பி வந்த மறுநாள் மயக்கம் போட்டு விழுந்தேன். ஆஸ்பத்திரில கண்டுபிடிச்சாங்க. ஃபிஸ்யூர், மிசியேன்னு அந்த டாக்டர் சொன்னான், செவுத்துக்கு நான் தெனம் சொல்ற அதே வார்த்தை. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன், அவனுக்கு ஒண்ணும் புரியல. முதல்ல களிம்பு கொடுத்தாங்க, என்னுது நாள்பட்டதுன்னு அது கேக்கல. அப்புறம் இறுகிப்போன சதையில ஒரு சின்ன வெட்டு. பத்து நிமிஷம். ஒரு வாரத்துல வலி போச்சு. பத்து நிமிஷத்து வேலைக்காக ஆறு வருஷத்தையும் அம்மாவையும் தொலச்சேன்.

இப்ப வலி இல்ல. ஆனா பழக்கம் விடல. இன்னும் நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடறேன், நின்னுக்கிட்டுத்தான் எழுதறேன். மெஷின் மேல வெச்சு நின்னுக்கிட்டு எழுதறேன்னு நீ முதல் கடுதாசிலயே எழுதியிருந்த. ஊர்ல எவனுக்குப் புரியலன்னாலும் எனக்குப் புரிஞ்சிருக்கணும். ஃப்ரிட்ஜ் மேல வெச்சு அதுக்குப் பதில் எழுதினேன், அப்பவும் புரியல. வீட்டுச் செவுருதான் கண்ணுல நின்னுது.

இப்ப ஒக்கார முடியும். பிளேன் ஏற முடியாது. இருதயம் பலவீனமா இருக்கு, வேண்டவே வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வர முடிஞ்சப்ப சொல்லாம ஓடினேன். சொல்லிட்ட பிறகு வர முடியல.

ஃபாரத்துல அந்தக் கட்டத்துல என் பேரை எழுது. ஜான்-பத்திஸ்த், அண்ணன்னு எழுது. கூட வந்தவரு எங்கன்னு கேட்டா வெளிய நிக்கறாருன்னு சொல்லு. ஒக்கார மாட்டாருன்னு சொல்லு.

அந்தச் செவுத்த இடிச்சுடு. கண்ணையனையே கூப்பிடு. கமோடு வை. நீ கேட்டப்ப எதுக்குன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

அண்ணன்


உப்பளம்
3 நவம்பர் 2024

அண்ணா,

உன் கடுதாசி அக்டோபர் பதினாலாம் தேதி வந்துது. படிச்சுட்டு அன்னிக்கு முழுக்க உன்மேல கோவமாத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பதினோரு வருஷம் நான் உன்னை வெறுத்திருக்க வேணாம். மறுநாள் காலையில கோவம் போன எடத்துல ஒண்ணுமே இல்ல. கோரிமேட்டு பஸ் ஏறிட்டேன். இந்த வாட்டி உள்ள போனேன்.

ஃபாரத்துல உன் பேரை எழுதினேன். எங்க இருக்காருன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்.

கலைவாணி டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்துது. பசங்க இருக்கலாமா, வேணாம்னா அனுப்பிடறேன்னு கேட்டாங்க. எட்டு பேரும் இருக்கட்டும்னேன். பத்து பேர் பாத்தா பத்து புத்தின்னு எங்க அண்ணன் எழுதியிருக்காருன்னேன். அவங்களுக்குப் புரியல. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, போர்வை போத்தி, தேவையான எடம் மட்டும் தெரியற மாதிரிதான் பாத்தாங்க. மரத்துப்போற களிம்பு தடவித்தான் தொட்டாங்க. அந்தப் பசங்கள்ல ஒரு பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிச்சு. இதுக்கா நாலு மாசம் பயந்தோம்னு இருந்துது. எல்லாம் ரெண்டு நிமிஷம்.

வெடிப்புதான். வெளிய தொங்கற சதை மூலம் இல்லையாம், வெடிப்பு நாள்பட்டா அதோட ஓரத்துல அப்படி ஒரு தோல் வளருமாம். அதைப் பாத்துட்டுத்தான் போர்டுக்காரன் கருக்கியிருக்கான். வெந்த புண்ணு வேற இருக்குன்னு டாக்டரம்மா பல்லைக் கடிச்சாங்க, என்னை ஒண்ணும் சொல்லல. அம்மா விஷயத்தைச் சொன்னேன். உடனே குழா விட்டு உள்ள பாக்க ஏற்பாடு பண்ணாங்க. அதுக்கு ஒரு வாரம். அந்த வாரத்தைப் பத்தி எழுத மாட்டேன். உள்ள கட்டி எதுவும் இல்லன்னு சொன்னப்ப நான் நம்பல, காயிதத்துல எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன். எழுதிக் கொடுத்தாங்க. ஆராதனைப் புஸ்தகத்துல வெச்சிருக்கேன்.

சதையத் தளர்த்தற களிம்பு கொடுத்திருக்காங்க. தடவினா தலை வலிக்குது, வலிக்கும், பொறுத்துக்கங்கன்னாங்க. ரெண்டு மாசம் பாக்கணும், ஆறலன்னா உனக்குப் பண்ண அதே பத்து நிமிஷ வேலை. இரும்பு மாத்திரைய மாத்திட்டாங்க. ஊற வெச்சுக் குடிக்கிற தவிடு ஒண்ணு கொடுத்திருக்காங்க, வாயில போட்டா மரத்தூள்தான். சாப்பிடறேன். இப்ப சோறே சாப்பிடறேன். வலி பாதியாயிடுச்சு, மீதி பாதி இருக்குது.

அப்புறம் ஒண்ணு. டாக்டரம்மா, அம்மாவுக்கு எத்தனை வருஷமா ரத்தம் போச்சுன்னு கேட்டாங்க. நாலு வருஷம்னேன். அதுக்கு முன்னாடி? தெரியலன்னேன். ஒக்காரறதுக்குக் கஷ்டப்பட்டாங்களான்னு கேட்டாங்க. இல்லைங்க, எங்கம்மா ஒக்காரவே மாட்டாங்கன்னு பெருமையா சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே புரிஞ்சு போச்சு.

கடைசில வந்த கட்டி வேறயா இருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமோ அவளுக்கும் இது இருந்திருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ரெண்டுக்கும் அவ மூலம்னு ஒரே பேரை வெச்சுக்கிட்டா. பழைய வலிதானேன்னு புது வலிய விட்டுட்டா. நாம பொறந்ததுலேருந்து பாத்தோமே, பந்தியில நின்னுக்கிட்டு, கோயில்ல பிரசங்கத்துல நின்னுக்கிட்டு, மாவாட்டறப்ப முட்டி போட்டுக்கிட்டு. உழைப்புன்னு நெனச்சோம். சாமியாரே சாவுப் பூசையில அதைச் சொல்லிப் புகழ்ந்தாரு. கல்லுலயும் செதுக்கிட்டோம்.

நேத்து கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கிட்டுப் போனேன். "ஓய்வறியா உழைப்பாளி"ன்னு இருக்கறதப் படிச்சேன். அழிச்சுட்டு வேற எழுதலாமான்னு தோணிச்சு. என்ன எழுதறது? எழுதினா யாரு படிக்கிறது? அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கொண்டுபோன தலகாணிய அவ கல்லு மேல போட்டு ஒக்காந்தேன். கல்லறை மேல ஒக்காராதீங்கம்மான்னு ஒருத்தர் சொன்னாரு. கொஞ்ச நேரம்தாங்கன்னேன். மெழுகுவத்தி அணையற வரைக்கும் ஒக்காந்திருந்தேன்.

கண்ணையன் வயசாகி வேலைக்குப் போறதில்ல. அவர் ஆளுங்கள அனுப்பினாரு. செவுரு பாதி இடிச்சாச்சு. இடிக்கிறப்ப பாத்தா அதுலயும் உள்ளுக்குள்ள ஒரு வெடிப்பு இருந்துது, மேலருந்து கீழ வரைக்கும். வெளிப்பக்கம் அப்பா அழகாப் பூசியிருக்காரு.

இதை ஒக்காந்து எழுதறேன். பாரு, எழுத்து நேரா இருக்கும். நீயும் ஃப்ரிட்ஜை விட்டுட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒக்காந்து பதில் எழுதுண்ணா.

மேரி